கண்ணுக்குத் தெரியாத சிவப்பு

திருக்காளத்தியின் துணி ஓவியமான கலம்காரியில் சிவப்பு தீட்டுகிறவர் சிவப்பைத் தொடுவதே இல்லை. கலம் என்னும் எழுதுகோலால் தொட்டுத் தடவுவது வெறும் படிகாரக் கரைசல். ஈரம் இருக்கும்வரை அது ஒரு தடமாகத் தெரியும். காய்ந்தால் அதுவும் மங்கிவிடும். சாயவேரோ மஞ்சிட்டியோ இட்ட கொதிநீரில் துணியைப் போட்டுக் காய்ச்சிய பிறகுதான் படிகாரம் பட்ட இடங்கள் சிவக்கும். நாளை எழப்போகும் நிறத்தை இன்றே மனத்தில் பார்த்துத் தீட்டுவதுதான் இந்தத் தொழிலின் உயிர்.

வேலைக்கூடத்தின் வாசலிலேயே பால் வாடை அடிக்கும். கஞ்சி போக அலசிய பருத்தித் துணி கடுக்காய்ப் பொடியும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறுகிறது. பிழிந்து வெயிலில் உலர்த்தினால் இளமஞ்சளாகிவிடும். கடுக்காயின் துவர்ப்பு நிறத்தைப் பிடித்துக்கொள்ள. பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுக்க. பால் குறைந்தால் கோடு ஊறிப் படரும், பிறகு அதைத் திருத்த வழியே இல்லை. பதம் பார்க்க அளவுகோல் எதுவும் கிடையாது. துணியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

புளியங்குச்சிக் கரியால் உருவங்களை இலேசாகக் குறித்துக்கொண்ட பின் கலம் வருகிறது. கூராகச் சீவிய மூங்கில் குச்சியில் நுனிக்குச் சற்று மேலே கம்பளியைச் சுற்றி, நூலால் இறுக்கியிருப்பார்கள். மையைக் குடித்து வைத்திருப்பது அந்தக் கம்பளிப் பொதிதான். விரல் அதை அழுத்தும் அளவுக்கு மை இறங்கும். மெல்ல அழுத்தினால் இமைமுடி, கூட்டி அழுத்தினால் புருவம். ஒரே மூச்சில் இழுத்த கோட்டில் தடிப்பும் மெலிவும் மாறி மாறி வருவது இதனால்தான். துணியில் தெரியும் உயிரோட்டம் அந்த விரல்களிலிருந்து வருகிறது; அச்சுக்கட்டையால் இதைத் தர முடியாது. நிறம் நிரப்ப, நுனி மழுங்கிய வேறு கலம்.

கறுப்பு மை வெல்லமும் துருப்பிடித்த இரும்பும் பானை நீரில் பல நாட்கள் புளித்து உண்டாவது. கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் அந்தக் கரைசல் கறுத்துவிடும்.

படிகாரம் தீட்டிய துணியை ஓடும் நீரில்தான் அலச வேண்டும். தேங்கிய நீரில் போட்டால், கரைந்த படிகாரம் வேறிடங்களில் படிந்து அங்கேயும் சிவப்பு பற்றிக்கொள்ளும். தேவாரம் பாடிய முகலி ஆறு, இன்றைய சுவர்ணமுகி, இந்தத் தொழிலுக்கு வெறும் பின்னணி அன்று, ஒரு கருவி. ஆற்றில் நீரோட்டம் இல்லாத மாதங்கள் கலைஞர்களுக்குக் கடினமானவை.

சிவப்பு ஏறிய பின் துணியைச் சாண நீரில் ஊறவைத்து வெயிலில் வெளுக்கிறார்கள். அதன் பிறகு மஞ்சள், கடைசியில் அவுரி நீலம். மஞ்சளின் மேல் நீலம் ஏறினால் பச்சை. இராமனும் கண்ணனும் நீலம், பெண்கள் பெரும்பாலும் பொன்மஞ்சள் என்பது மரபு. மரபு நிறத்தைச் சொல்லும். எவ்வளவு என்பதைச் சொல்லாது. படிகாரம் செறிந்தால் அடர்சிவப்பு, நீர்த்தால் வெளிர்சிவப்பு. சேலை மடிப்பில் எது, பின்னணியில் எது, இரண்டு உருவங்களுக்கு நடுவே எத்தனை பூ என்பதெல்லாம் வரைகிறவரின் முடிவு. வெற்றிடம் விட அவர்களுக்கு மனம் வருவதில்லை. கொடியும் இலையும் எல்லைவரை ஓடி நிரம்பிவிடுகின்றன.

அருகிவந்த இந்தக் கலைக்கு 1950களில் திருக்காளத்தியில் பயிற்சிக்கூடம் அமைந்தது. கமலாதேவி சட்டோபாத்யாயின் ஊக்கம் அதன் பின்னால் இருந்தது. ஊர்க் கலைஞர் குரப்ப செட்டி 2008இல் பத்மஸ்ரீ பெற்றார். தமிழகத்தில் கும்பகோணம் பக்கத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கருப்பூர் மரபின் கலம்காரி வரைகிறார்கள். அதற்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இன்று நிறம் நிரப்பும் வேலையில் பெண்கள் நிறையப் பேர். காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் துணியைச் சரித்துக்கொண்டு, ஓர் இலை விடாமல் நிரப்புகிறார்கள். முதுகும் கண்ணும் தேய்கிற வேலை. கூலி அதற்கு ஈடாக இல்லை. சில கூடங்களில் இரசாயனச் சாயம் நுழைந்துவிட்டது. அதில் தீட்டும்போதே சிவப்பு தெரிகிறது. ஊறலும் காய்ச்சலும் ஆற்று நீரும் வேண்டியதில்லை, நாட்கள் மிச்சம். அதில் பழகுகிறவர்களுக்குக் கோடு வசப்படுகிறது. படிகாரத்தின் பதம் மட்டும் கைக்கு வருவதில்லை.