அப்பப்பாவின் சுருட்டு

அந்தியேட்டி முடிஞ்ச பின்னேரம், அப்பப்பாவின் தகரப் பெட்டியில் மிஞ்சிக் கிடந்த ஒரேயொரு யாழ்ப்பாணச் சுருட்டைப் பத்தவைத்தேன். கனடாச் சித்தப்பா கொண்டுவந்த கியூபாச் சுருட்டை ஏற்கெனவே ருசி பார்த்தவன் என்ற திமிர் வேறு. புகையை உள்ளே இழுக்காமல் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். முதலில் கோடாவின் இனிப்பு. பிறகு, புகையிலைக்குப் புகை போட்ட பொச்சுமட்டையின் மணம். பாதி தாண்ட, மிளகு கடித்ததுபோல் தொண்டையைப் பிடித்தது. சும்மா சொல்லக்கூடாது, கியூபாக்காரன் இதுக்குக் கிட்டவும் நிக்கமாட்டான். விலையும் அப்படித்தான், அவனுடைய பெட்டிக்கே இது காணாது.

"உந்தச் சனியன்தானே அவரைத் திண்டது!" குசினிக்குள்ளிருந்து அப்பம்மா.

அவற்ற கடைசி மாச இருமல் எனக்கும் கேட்டதுதான். அணைத்தேன். எறிய மனம் வரவில்லை. துண்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன்.