ஓட்டுக்கு ஓர் அட்டை



"ஓட்டுப் போட அட்டை எதுக்குப்பா? ஆளைப் பார்த்தா தெரியாதா?" என்பவர்கள் ஒரு பக்கம். "அட்டை இல்லாதவனை உள்ளேயே விடக்கூடாது" என்பவர்கள் மறுபக்கம். நம் ஹாஸ்டலில் இந்தச் சண்டை நள்ளிரவு வரை நடந்ததுண்டு. என் கட்சியை இந்த மலரில் சொல்லிவிடுகிறேன்.

அட்டை வராத காலத்தில் நடந்ததாக எங்க பாட்டி ஒன்று சொல்வார். காலையில் களையெடுப்பு; மத்தியானம் ஓட்டுச்சாவடி. "உன் ஓட்டைப் போட்டாச்சு, போம்மா!" என்றார்களாம். மை இல்லாத விரலைக் காட்டியும் பயனில்லை. ஒரே ஆள் இரண்டு தடவை போடுவதைத்தான் மை தடுக்கும். அடுத்தவர் பெயரில் போடுகிறவரை அது என்ன செய்யும்? இப்படி ஆனாலும், அதிகாரியின் கேள்விகளுக்குப் பதில் சொல்லித் தனிச் சீட்டில் ஓட்டுப் போடச் சட்டத்தில் வழி உண்டு (இன்றைய விதி 49பி). பாட்டிக்கு அதை யார் சொன்னார்கள்? சொல்லியிருந்தாலும் அந்தச் சீட்டு உறையில்தான் கிடக்கும். சாதாரண எண்ணிக்கையில் சேராது.

ஆகவே அட்டை வேண்டும். 1993-ல் தேர்தல் ஆணையர் டி.என்.சேஷன் புகைப்பட அட்டைக்கு உத்தரவிட்டார். 1995 ஜனவரி 1-க்குள் அட்டை தராவிட்டால் தேர்தலே கிடையாது என்று கறாராக நின்றார். ஆனால் 1996-ல் பொதுத்தேர்தல் வந்தபோதும் எல்லோர் கைக்கும் அட்டை போய்ச் சேரவில்லை. தேர்தல் நடக்கத்தான் செய்தது. அட்டை தர வேண்டியது அரசாங்கம். அது தராததற்கு ஜனங்கள் ஓட்டை இழப்பதா?

எங்க தெருவில் சித்தாள் வேலை பார்க்கும் அக்கா ஒருவர். மழைத்தண்ணீர் வீட்டுக்குள் புகுந்ததில் ஓட்டு அட்டை, ஆதார் எல்லாம் போச்சு. ரேஷன் கார்டோடு ஓட்டுப் போடப் போனார். செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பட்டியலில் பெயர் இருந்தது. ஓட்டு மட்டும் இல்லை. அன்றைய கூலியும் போச்சு.

பாட்டி இழந்ததும் ஓர் ஓட்டு, அக்கா இழந்ததும் ஓர் ஓட்டு. இதில் எது பெரிசு, எது சின்னது?

மெட்ராலஜி லேபில் கோ, நோ-கோ கேஜ் பார்த்திருக்கிறோமே! சரியான பீஸை விடணும், தப்பான பீஸை நிறுத்தணும். நல்ல பீஸையும் சேர்த்து நிறுத்தினால் அந்த கேஜை யாராவது கையில் வைத்திருப்பார்களா? அட்டையும் அப்படித்தான். கேட்பது நியாயம், கேட்கும் முன் செலவில்லாமல், அலைச்சலில்லாமல் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்திருக்க வேண்டும்.

நமக்கும் இதில் வேலை இருக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டு அட்டைக்குப் பதிலாக 12 ஆவணங்கள் ஏற்கப்பட்டன: ஆதார், ஓட்டுநர் உரிமம், போட்டோ ஒட்டிய பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை என்று. அந்தப் பட்டியலில் ரேஷன் கார்டும் இல்லை, நம் கழுத்தில் தொங்கும் காலேஜ் அட்டையும் இல்லை! எந்த அட்டை இருந்தாலும் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டு இல்லை. 17 வயது முடிந்தவர்களே படிவம் 6-ஐ முன்கூட்டியே கொடுக்கலாம்.

ஆகவே தோழர்களே, உங்கள் படிவத்தை எழுதும்போது தெருவில் எழுதத் தெரியாதவர்களுக்கும் எழுதிக் கொடுங்கள். அட்டை தொலைந்தவர்களுக்கு மறு அட்டைக்கு விண்ணப்பம் போட்டுத் தாருங்கள். தேர்தல் அறிவித்த பிறகு அல்ல... இந்த லீவிலேயே!