சிங்கத்தின் வால்

போடிமெட்டுச் சாலையிலிருந்து பிரியும் ஜீப் தடத்தின் முடிவில் இருக்கிறது அந்த ஏலத்தோட்டம். உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் ஆசாரி அண்ணன் துப்பாக்கியைக் கையில் வாங்கினார். துப்பாக்கி பழுது பார்ப்பது அவருக்குத் தகப்பன் வழித் தொழில். குழலின் வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி, கெட்டிக்கும் கோலை அடிவரை விட்டார். வாயருகே விரலால் பிடித்து வெளியே எடுத்து, குழலோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். கோலின் நுனி கேப்பு மாட்டும் இடம் வரை வந்தது.

"காலியாத்தான் இருக்கு தம்பி. நாலு விரக்கடை குறைஞ்சிருந்தா மேல தொடமாட்டேன்."

எத்தனை காலம் கிடந்தாலும், ஈரம் படாத கரிமருந்து தீப்பிடிக்கும்.

குழல் 39 அங்குலம், வாய் முக்கால் அங்குலம். கிழக்கிந்தியக் கம்பெனி தன் சிப்பாய்களுக்காக இங்கிலாந்தில் செய்வித்த 'இந்தியா பேட்டர்ன்' அளவு அது. பிரெஞ்சுப் போர் நெருக்கிய 1790களில் பிரிட்டிஷ் அரசே இதே மாதிரியைத் தன் படைக்கும் எடுத்துக்கொண்டது.

வீட்டுக்கார ஐயாவிடம் ஒரு கதை இருந்தது: பாளையக்காரர் சண்டையில் வெடித்த துப்பாக்கி, ஜமீன் வழியாக வந்தது. அண்ணன் மறுத்துப் பேசவில்லை. டார்ச்சைப் பூட்டுத் தகட்டின்மேல் சாய்வாகப் பிடித்தார். தேய்ந்த இரும்பில் ஒரு வாலும் பின்னங்காலும் தெரிந்தன. கம்பெனியின் முத்திரை 1808 வரை இதய வடிவம். அதற்குப் பிறகுதான் சிங்கம். பாளையக்காரர்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாதென்ற பிரகடனமோ 1801 டிசம்பரிலேயே வந்துவிட்டது. வால் ஒன்றே கதையை முடித்துவிட்டது.

சிங்கத்தின் மற்ற பாகத்தைத் தின்றது ஆயுத பூஜை. வருஷா வருஷம் இரும்புக்கு எமரித் தாள், பித்தளைக்குப் புளியும் செங்கல் பொடியும். தகட்டின் விளிம்புகள்கூட மழுங்கிவிட்டன.

அதே தகட்டில் சின்னச் சின்ன வட்டங்கள். சக்கிமுக்கிக்கல் பூட்டாக இருந்தபோது போட்ட திருகுத் துளைகளை அடைத்த தடம். 1840களில் பிரிட்டிஷ் படை கேப்புக்கு மாறியது. அதையொட்டியோ பிறகோ இதையும் மாற்றியிருக்கிறார்கள்.

"அப்ப ஒரிஜினல் இல்லையா?" ஐயாவின் குரல் இறங்கிவிட்டது.

சந்தையில் விலை பேசுகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாற்றியவன் தடம் விட்டுப் போயிருக்கிறான், படித்துக்கொள்ளலாம். பாலிஷ் போட்டவன் எழுத்தையே அழித்துவிட்டான். கேப்பைக் கழற்றிவிட்டுப் புதிதாகக் கல் பூட்டு மாட்டிப் 'பழசாக்கி' விற்கிறவர்களும் உண்டு, அதுதான் போலி.

கட்டையும் குழலும் சேருமிடத்தில் நகம் நுழையும் இடைவெளி. பல வருஷம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் மாட்டியிருந்தார்களாம். அந்தச் சூட்டில் மரம் சுருங்கிவிட்டது. வெளியே மாட்டினால் மலை ஈரம், குழலின் அடிப்பக்கம் துரு. எண்ணெய்த் துணியால் துடைத்து, காற்றோடும் உள்ளறையில் வைக்கச் சொன்னார். பழுது பார்த்தால் சுடக்கூடிய நிலையில்தான் இருக்கிறது; 1959 ஆயுதச் சட்டத்தின் பழம்பொருள் விலக்கு இதற்குச் செல்லாது, உரிமத்தைப் புதுப்பித்தே ஆக வேண்டும்.

"பூஜைக்கு என்ன செய்ய?" என்றார் ஐயா.

"கட்டையில பொட்டு வைங்கய்யா. இரும்புப் பக்கம் எமரியே வரக்கூடாது."