கடலை நோக்கும் மேரி

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் வருவோர், தமிழகம், புதுவை, மீண்டும் தமிழகம் என எல்லைப் பலகைகள் மாறி மாறி வரக் காண்பர். எங்கள் பாகூரைச் சுற்றி வயல் வரப்பே ஒரு காலத்தில் இரு பேரரசுகளின் எல்லையாக இருந்தது. வரப்பின் இப்புறம் பிரெஞ்சு ஆட்சி. அப்புறம் ஆங்கிலேயர் ஆட்சி. ஒரு குழந்தை எப்புறத்தில் பிறந்தது என்பதை எழுதி வைத்த இடத்திற்கு 'மேரி' என்று பெயர்.

பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். மர்யம் (அலை) அவர்களின் பெயருக்கும் இதற்கும் தொடர்பில்லை. நகரத் தலைவரின் மன்றத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் அது. ஆங்கிலேயர் 'டவுன் ஹால்' என்பதும் ஏறக்குறைய இதுவே. 1880-இல் பிரெஞ்சிந்தியாவில் நகராட்சிகள் அமைக்கப்பட்டபோது பாகூரும் வில்லியனூரும் தனிக் கொம்யூன்களாயின. எனினும் மேரி என்றதும் எவர்க்கும் நினைவில் எழுவது புதுவைக் கடற்கரையில் நிற்கும் மாளிகையே.

1870–71-இல் எழுந்த கட்டடம் அது. இரண்டு தளங்கள், வங்கக் கடலை நோக்கிய தூண்வரிசை, தட்டையான கூரை. தோற்றம் ஐரோப்பியம், ஆனால் அக்காலப் புதுவை மாளிகைகளின் உடல் நம்மவர் கைவண்ணம். செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்துச் சுவர் எழுப்புவர். மர உத்திரங்களின் மேல் சிறு செங்கற்களைக் குத்துக் குத்தாக நிறுத்தி, அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இட்டு இடித்துத் தளம் போடுவர். கட்டைகுத்துத் தளம் என்று கொத்தனார்கள் கூறுவது இதைத்தான். வெயிலுக்கு இதனினும் இதமான கூரை வேறில்லை என்பது என் கருத்து. ஆயின் இதற்கு ஓயாத பராமரிப்பு தேவை. தளத்தில் ஒரு விரிசல் விட்டால் மழைநீர் இறங்கும். சுவருக்குள் புதைந்த உத்திரத்தின் முனை உளுத்துப் போகும். உப்புக் காற்று சாந்தை அரிக்கும்.

அதுவே நிகழ்ந்தது போலும். 2014 நவம்பர் 29 அன்று, பெருமழையினிடையே, நூற்று நாற்பதாண்டு கடந்த அம்மாளிகை சரிந்து விழுந்தது.

அன்பர்களே, நம் பள்ளிவாசல்களில் நிகாஹ் தஃப்தர் இருப்பதை அறிவீர்கள். மேரியின் பதிவேடுகளோ பிறப்பு, திருமணம், இறப்பு என மூன்றையும் தாங்கின. அவற்றின் அருமை 1962-இல் விளங்கிற்று. அவ்வாண்டு ஆகஸ்ட் 16 அன்று இணைப்பு உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது, இம்மண்ணில் பிறந்து இங்கு வாழ்ந்தோர் இந்தியக் குடிகளாயினர்; பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்திற்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று விதி. வணிகம் நாடிச் சைகோன் சென்ற காரைக்கால், புதுவை முஸ்லிம் குடும்பங்களுக்கும் பிறந்த ஊரின் பதிவு எத்துணை இன்றியமையாதது என்று எண்ணிப் பாருங்கள். வரப்புக்கு அப்புறம் பிறந்தவர்க்கு அந்த வாய்ப்பே இல்லை.

இன்னொன்றும் உண்டு. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் இந்திய இணைப்புக்கு வாக்களித்த 178 பேர் யார்? சட்டமன்ற உறுப்பினர்களும் கொம்யூன்களின் நகராட்சி உறுப்பினர்களுமே. 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். 8 பேர் எதிர்த்தனர். ஊர்மன்றங்களில் அமர்ந்திருந்தவர்களின் கையில் ஒரு நிலப்பரப்பின் விதி இருந்தது.

விழுந்த மேரியை உலக வங்கியின் உதவியுடன் பழைய வடிவிலேயே மீண்டும் கட்டினர். 2021 பிப்ரவரி 25 அன்று பிரதமர் திறந்து வைத்தார். புதுவைக்கு வருவோர் அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரைப் பக்கம் சென்று பாருங்கள். வெயில் தணிந்து மாளிகையின் முகம் நிழலில் இருக்கும், தூண்களை நிதானமாகக் காணலாம். பழையதன் அச்சு என்றே தோன்றும்.

புதுவையில் 1968-க்குப் பின் உள்ளாட்சித் தேர்தல் 2006-இல்தான் நடந்தது. அவ்வுறுப்பினர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. மன்றம் கூடுவதற்கென எழுந்த மாளிகை 2021-இல் மீண்டும் திறக்கப்பட்டபோது, உள்ளே சென்று அமர மக்கள் தேர்ந்தெடுத்த நகராட்சி உறுப்பினர் ஒருவரும் இலர்.