எந்த நாப்பதுங்க?

திருப்பூர் என்றாலே எல்லோருக்கும் பனியன்தான் ஞாபகம் வரும். பனியன் கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கிற லேத் பட்டறைகளை யாரும் கண்டுகொள்வதில்லை. சாயப்பட்டறையில் ஷாஃப்ட் தேய்ந்தாலும், காம்பேக்டிங் மெஷினில் பல்சக்கரம் உடைந்தாலும் ஓடி வருவது அங்கேதான்.

அப்படி ஒரு பட்டறைக்காரர். கீவே வெட்ட ஒவ்வொரு முறையும் வெளியே கொடுத்துக் கட்டுப்படியாகாமல், கடன் வாங்கிப் பழைய மில்லிங் மெஷின் ஒன்றை இறக்கினார். மெஷின் வந்தது. டூல் ஹோல்டர் வரவில்லை! கட்டரைப் பிடித்துக்கொண்டு ஸ்பிண்டிலுக்குள் உட்காருகிற பாகம் அது. அது இல்லாவிட்டால் அவ்வளவு பெரிய மெஷினும் வெறும் இரும்புதான். வட்டி மட்டும் தினமும் ஓடும்.

விற்றவர் "நாப்பது டேப்பர்" என்று சொல்லியிருந்தார். அதை மட்டும் நம்பி, 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற கோவைக்குப் பஸ் ஏறினார்.

"ஏனுங்ணா, நாப்பது டேப்பர் ஹோல்டர் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. எந்த நாப்பதுங்க?"

இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை.

நாற்பது என்பது கூம்பின் அளவு மட்டும்தான். வாய் விட்டம் 44.45 மி.மீ. ஒவ்வொரு 24 மி.மீ. நீளத்துக்கும் விட்டம் 7 மி.மீ. குறையும். எல்லா நாற்பதிலும் இது ஒன்றே. வித்தியாசம் பின்பக்கம் இருக்கிறது. கையால் இறுக்கும் பழைய மெஷின்களுக்கான டின் 2080 ஹோல்டரில் வாயிலிருந்து பின்முனை வரை 93.4 மி.மீ. சிஎன்சிக்கான பிடி 40-ல் 65.4 தான். கூம்பு அழகாகப் பொருந்தும், ஆனால் மேலிருந்து வரும் டிராபார் 28 மி.மீ. எட்டாமல் நிற்கும்.

அடுத்தது மரை. எம்16 என்றால் 16 மி.மீ., பிட்ச் 2 மி.மீ. அங்குல மரையான ஐந்தே எட்டு என்றால் 15.88 மி.மீ., அங்குலத்துக்கு 11 மரை. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மாற்றிப் போட்டால் சில சுற்று ஏறிவிட்டு இறுகும். "சரியா உக்காந்துருச்சு" என்று ஸ்பேனர் போட்டால் மரை போய்விடும்.

அது காசு நஷ்டம் மட்டுமல்ல. ட்ரில்லில் வரும் மோர்ஸ் டேப்பர் தானே கவ்விக்கொள்ளும். இந்தக் கூம்பு சுலபமாகக் கழற்றுவதற்காகச் செய்யப்பட்டது, தானாகக் கவ்வாது. பிடித்து வைத்திருப்பது டிராபார் மரை ஒன்றுதான். ஓடும்போது அது விட்டால் கட்டரோடு ஹோல்டரும் கழன்று வரும். எதிரே நிற்பது ஆள்.

முப்பதில் வேறொரு பொறி இருக்கிறது. முப்பது டேப்பரின் வாய் 31.75 மி.மீ. பிரிட்ஜ்போர்ட் வகை மெஷின்களின் ஆர்8 வாயும் அதேதான், கூம்பின் கோணமும் கிட்டத்தட்ட அதே. வாயை மட்டும் அளந்தால் ஏமாந்துவிடுவோம். உள்ளே மேல்பாகத்தில் சுமார் 24 மி.மீ. விட்டத்தில் நேர்த்துளை இருந்தால் அது ஆர்8.

வெறுங்கையோடு திரும்பிய பட்டறைக்காரர் மறுநாள் டிராபாரையே கழற்றி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு போனார். பாதி பைக்குள், பாதி வெளியே. பஸ்ஸில் எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்களாம். கடைக்காரர் பிட்ச் கேஜ் வைத்துப் பார்த்தார். ஐந்தே எட்டு!

கையில் இருந்த காசுக்கு ஐந்தாறு ஹோல்டர் வாங்க முடியாது. ஈஆர்32 கோலெட் சக் ஒன்று வாங்கினார். தேவைக்கு ஏற்பக் கோலெட்டை மட்டும் மாற்றினால் 2 முதல் 20 மி.மீ. வரை தண்டுள்ள கட்டர்களை அதிலேயே பிடிக்கலாம். வீட்டுக்கு வந்ததும் கூம்பில் மெல்லிசாக மார்க்கிங் ப்ளூ தடவி, ஸ்பிண்டிலில் ஏற்றி, லேசாகத் திருப்பி எடுத்துப் பார்த்தார். சுற்றிலும் நீலம் சமமாக ஒட்டியிருந்தது. அதற்கப்புறம்தான் கரண்ட் கொடுத்தார்.

பழைய மெஷின் வாங்குகிறவர்கள் விலை பேசும்போதே ஹோல்டரையும் சேர்த்துப் பேசிவிடுவது நல்லது. துருப்பிடித்த ஒன்றைக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. வேலைக்கு ஆகாவிட்டாலும் சாம்பிளுக்கு ஆகும்.

யோசித்துப் பார்த்தால் திருப்பூருக்கு இது புதுப் பாடமே இல்லை. 24 கேஜ் நிட்டிங் மெஷின் என்றால் அங்குலத்துக்கு 24 ஊசி. ஆனால் "24 கேஜ் ஊசி குடுங்க" என்று கேட்டால் கடையில் சிரிப்பார்கள். மெஷினுக்கு மெஷின் ஊசியின் நீளமும் பட் உயரமும் மாறும். அதனால் ஊசி வாங்கப் போகிறவர் பழைய ஊசி ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் போவார்.

அந்தப் பழக்கம் அடுத்த தெருப் பட்டறைக்கும் வந்திருந்தால் ஒரு பஸ் டிக்கெட்டாவது மிச்சமாகியிருக்கும்.