வெடிப்பைத் தேடி வரைபவர்கள்

கொல்லிமலையில் தண்ணீருக்கு என்ன குறை என்றுதான் அடிவாரத்துக்காரர்கள் நினைப்பார்கள். ஆகாய கங்கையாக அய்யாறு விழுவதைப் பார்த்தவர்களுக்கு வேறெப்படித் தோன்றும்? கோடையில் மலைமேல் குடத்தோடு நடக்கும் பெண்களைக் கேட்டால் கதை வேறு. 1,000 மீட்டருக்கு மேலுள்ள இந்த மேட்டில் பெய்யும் மழை, தங்க இடம் கிடைக்காவிட்டால் நேரே அடிவாரத்துப் புளியஞ்சோலைக்கு இறங்கிவிடும். அது எங்கே தங்குகிறது, எவ்வளவு தங்குகிறது என்று கண்டறிந்து வரைகிற வேலையைப் பார்க்கத்தான் செம்மேட்டுப் பக்கம் ஒரு நிலத்தடி நீர் ஆய்வுக் குழுவோடு போனேன்.

இந்த மலை சார்னோக்கைட் பாறை. வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருப்பது இதே இனம். உடைத்துப் பார்த்தால் நீர் தங்க இடமே இல்லாத கல். ஆனால் காலங்காலமாக மழை ஊறி மேல்பகுதி மக்கிப்போயிருக்கிறது. அதன் கீழே கெட்டிப் பாறையில் அங்கங்கே வெடிப்புகள். மக்கிய பகுதி நீரைச் சேர்த்து வைக்கிறது, வெடிப்பு அதைக் கடத்துகிறது. பூமிக்கடியில் ஏரி கிடக்கும் என்று நம்பி ஆயிரம் அடி துளைப்பவர்களுக்கு இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். ஆழம் போகப்போக வெடிப்புகள் பொதுவாகக் குறைந்துகொண்டேதான் போகும்.

மரவள்ளிக் காட்டில் இரண்டு இளைஞர்கள் நான்கு இரும்புக் கம்பிகளை ஒரே வரிசையில் அடித்தார்கள். மண் காய்ந்திருந்ததால் கம்பியைச் சுற்றி உப்புத் தண்ணீர் ஊற்றினார்கள். வெளிக் கம்பிகள் வழியே மின்சாரம். உள்கம்பிகளில் மின்னழுத்த அளவு. வெளிக் கம்பிகளைத் தள்ளித்தள்ளி அடிக்க, அளவீடு ஆழத்துக்குப் போகிறது. ஈர மண்ணில் மின்தடை குறைவு, கெட்டிப் பாறையில் பல மடங்கு அதிகம். குழுவின் ஆய்வாளர் எண்களை வளைகோடாக்கினார். சிக்கலே அங்குதான்: மெல்லிய ஈர அடுக்குக்கும், தடிமனான, ஆனால் ஈரம் குறைந்த அடுக்குக்கும் கிட்டத்தட்ட ஒரே வளைகோடு வந்துவிடும். கருவியால் மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

தீர்ப்புக்கு மனிதர்கள் வேண்டும். காட்டுக்காரப் பெரியவரிடம் ஊற்றுகளைப் பற்றிக் கேட்டார் ஆய்வாளர். "மேல இருக்கிறது மாசியிலயே நின்னுரும்மா. நெல்லு வயலுக்கு மேல இருக்கிறது சித்திரை வரைக்கும் ஓடும்." சித்திரை வரை ஓடும் ஊற்றுக்குப் பின்னால் மக்கிய பகுதி தடிமனாக இருக்கலாம் என்று வரைபடத்தில் குறித்தார் ஆய்வாளர். பிறகு அந்தப் பள்ளத்தாக்கைச் சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தடிமன், சேமிப்பு, கடத்தும் திறன் என்று எண் கொடுத்தார். இத்தகைய மக்கிய பாறையில் ஒரு கன மீட்டரிலிருந்து வடிவது பெரும்பாலும் 10 முதல் 30 லிட்டர்தான். அந்த எண்ணைக் கேட்டபின் அந்த வயலை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. ஊற்றுதான் அந்தச் சேமிப்பின் வாசல். அதன் தலைமாட்டில் போர் போட்டால் கிடைப்பது புதுத் தண்ணீர் அல்ல, ஊற்றின் தண்ணீரே.

2012இல் தொடங்கிய தேசிய நீர்த்தாங்கி வரைபடத் திட்டத்தில் வரைந்தது 1:50,000 அளவில். அதில் ஒரு சென்டிமீட்டர் அரை கிலோமீட்டர். கொல்லிமலையின் ஒரு வயல் பள்ளம் விரல்நுனிக்குள் அடங்கிவிடும். அதனால்தான் ஊர் ஊராக இந்த உழைப்பு. எண்ணெய்த் துறையிலும் இதே பாடுதான். வியட்நாமின் வெள்ளைப் புலி வயலில் 1988இல் எண்ணெய் கிடைத்தது கருங்கல் வெடிப்புகளில். அங்கே ஆழ்துளைக்கு ஆழ்துளை பதிவு வைத்தார்கள்.

நம்மிடம் பெரும்பாலும் அப்படிப் பதிவு இல்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கத் துளைக்கின்றன. வெளிவரும் பாறைத்தூள் காற்றோடு போகிறது. கொல்லிமலைக்கு ரிக் ஏற்றி வந்திருந்த ஓட்டுநர் ஒருவர் அந்தப் பள்ளத்தாக்கின் பழைய போர் ஒன்றைப் பற்றி மனப்பாடமாகச் சொன்னார்: "நூத்திப்பத்து அடியில ராடு படக்குன்னு எறங்குச்சுங்க மேடம். அதுக்கப்புறம் முன்னூறு வரைக்கும் வெறும் புகைதானுங்க." ராடு இறங்கிய இடம் வெடிப்பு, புகை வறண்ட கல். வளைகோட்டின் சந்தேகம் அந்தப் பேச்சில் தீர்ந்தது.

ஆய்வாளர் அவருக்கு ஒரு நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தார்: ஆழம், தூளின் நிறம், ராடு இறங்கிய நேரம், தண்ணீர். வாங்கிப் பார்த்தவர், "சத்தத்துக்கும் ஒரு கட்டம் போடுங்க. கல்லு மாறுனா மொதல்ல அதுதானுங்க மாறும்" என்றார். ஐந்தாவது கட்டம் போடப்பட்டது.