கடவுச்சொல் யாருடையது?

பாடநெறி ஒன்றுக்குப் பதிவு செய்துகொண்டு என்னைத் தேடி வரும் பெண்கள் முதலில் கேட்பது பாடத்தைப் பற்றி அல்ல. "மிஸ், இதுக்குள்ள எப்படிப் போறது?" என்றுதான் கேட்கிறார்கள். கையில் அனுமதிக் கடிதம் இருக்கும். கட்டணம் செலுத்திய பற்றுச்சீட்டு இருக்கும். கைத்தொலைபேசித் திரையில் இரண்டு வெற்றுப் பெட்டிகள் இருக்கும். ஒன்று பயனர் பெயருக்கு, மற்றது கடவுச்சொல்லுக்கு. பாடம் கடினமாக இருக்குமோ என்ற பயமெல்லாம் அதற்குப் பிறகு வருவது.

ஹெவ்லொக் டவுனிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் சமூக சேவையாளராக வேலை செய்கிறேன். முன்பு வெள்ளவத்தை நெசவாலை இருந்த காணியில் இப்போது ஹெவ்லொக் சிற்றி அடுக்குமாடிகள் நிற்கின்றன. அங்கே வீட்டுக்கு வீடு வைஃபை. அதே வீடுகளுக்குச் சமைக்கவும் பிள்ளை பார்க்கவும் போகும் பெண்கள் மாலையில் கிருலப்பனைப் பக்கம் திரும்பி, நூறு இருநூறு என்று ரீலோட் போட்டு வாழ்கிறார்கள். படிக்க வேண்டும் என்ற ஆசை இரண்டு பக்கமும் இருக்கிறது. முதல் மாதத்திலேயே படிப்பை விட்டவர்களையும் இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறேன். அவர்களில் பாடம் விளங்காமல் விட்டவர்கள் குறைவு. வாசலைத் தாண்ட முடியாமல் விட்டவர்களே அதிகம்.

வீட்டில் இருந்து படிப்பது எமது நாட்டுக்குப் புதிய விடயம் அல்ல. 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியே லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்துக்குத்தான் மாணவர்களைத் தயார் செய்தது. 1980இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் உருவானது. நாவலையில் உள்ள அதன் வளாகத்துக்கு வேலை செய்யும் பெண்களும் தாய்மாரும் போய்வரத் தொடங்கினார்கள். அச்சடித்த பாடநூல்களைப் பெற்றுக்கொண்டு, வீட்டில் வாசித்து, குறித்த நாட்களில் மட்டும் வகுப்புக்குப் போவது அந்தக் கால முறை. 2003இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் தொலைக்கல்வியை நவீனமாக்கும் திட்டம் ஒன்று ஆரம்பமானது. கணினி இல்லாத மாணவர்கள் சென்று பயன்படுத்தக்கூடிய நிலையங்கள் அதன்கீழ் பல மாவட்டங்களில் அமைந்தன. பிறகு 2020 மார்ச்சில் கொரோனா வந்து பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம் எல்லாம் மூடப்பட்டபோது, விரும்பியவர் விரும்பாதவர் அனைவரும் திரைக்கு முன் உட்கார வேண்டியதாயிற்று.

இன்று எமது மாணவிகள் திறக்கும் கற்றல் தளங்களில் பல 'மூடில்' என்ற மென்பொருளில் அமைந்தவை. திறந்த பல்கலைக்கழகத்தின் தளமும் அப்படித்தான். இலவசமாகக் கிடைக்கும் இந்த மென்பொருளை உருவாக்கியவர் அவுஸ்திரேலியரான மார்ட்டின் டுகியமாஸ். முதற்பதிப்பு 2002இல் வெளிவந்தது. மேற்கு அவுஸ்திரேலியாவின் பாலைநிலத்தில், பள்ளிக்கூடம் எட்டாத ஓர் இடத்தில் வளர்ந்த அவர் சிறுவயதில் வானொலி மூலம் பாடம் கேட்டுப் படித்தவர். தூரத்தில் இருப்பவரின் கஷ்டம் தெரிந்தவர் செய்த சாதனம் என்று நான் பெண்களிடம் சொல்வதுண்டு. கொஞ்சம் பயம் குறைகிறது.

ஆனால் எமது பெண்களுக்கு வரும் சிக்கல் மென்பொருளில் இல்லை. அது வீட்டுக்குள் இருக்கிறது.

முன்பள்ளி ஆசிரியை ஒருவரைச் சொல்கிறேன். வயது முப்பத்து நான்கு, இரண்டு பிள்ளைகள். டிப்ளோமா ஒன்றுக்குப் பதிவு செய்திருந்தார். படிவத்தில் மின்னஞ்சல் முகவரி கேட்டார்கள். அவருக்கு ஒன்று இருந்தது. தம்பி எப்போதோ திறந்து கொடுத்தது. அதன் கடவுச்சொல் தம்பிக்குத்தான் தெரியும், தம்பி கட்டாரில். தொலைபேசி இலக்கம் கேட்டார்கள். கணவருடையதைக் கொடுத்தார். படிவத்தில் கணவரின் இலக்கத்தை எழுதுவது எங்களுக்கெல்லாம் பழகிப்போன காரியம்தானே. கற்றல் தளத்துக்குள் போவதற்கான விவரங்கள் மின்னஞ்சலுக்கு வந்தன. மின்னஞ்சலைத் திறக்கப் போனால், உறுதிப்படுத்தும் இலக்கம் கணவரின் போனுக்குப் போகிறது. கணவர் வாகனச் சாரதி. பகல் முழுவதும் வீதியில். இரவு பத்து மணிக்கு அவர் வீடு வந்து சாப்பிட்டு, போனைக் கொடுக்கும்போது இலக்கம் காலாவதியாகிவிடும். மீண்டும் கேட்டால் மீண்டும் வரும், உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் அவருக்கும் தூக்கம், இவருக்கும் தூக்கம்.

அந்தக் கணவர் மனைவியின் படிப்புக்கு எதிரானவர் அல்ல. கட்டணத்தைக் கட்டியவரே அவர்தான். இருந்தும் மூன்று வாரம் அந்தப் பெண் ஒரு பாடத்தைக்கூடத் திறக்கவில்லை. "எனக்கு இந்த கம்ப்யூட்டர் வேலையெல்லாம் சரிவராது மிஸ்" என்று படிப்பையே விடும் யோசனையில் வந்தார். கம்ப்யூட்டர் வேலை எதையும் அவர் இன்னும் தொடங்கவே இல்லை.

செய்தது இவ்வளவுதான். அவருடைய அடையாள அட்டையைக் கொண்டுபோய் அவர் பெயரிலேயே ஒரு சிம் எடுத்தோம். பழைய போன் ஒன்று வீட்டில் கிடந்தது, அதில் போட்டோம். அந்த இலக்கத்தை வைத்து அவரே தன் கையால் புதிய மின்னஞ்சல் ஒன்றைத் திறந்தார். நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்துப் பழைய முகவரியை மாற்றிக்கொண்டார். எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது மாமியாரின் கேள்வி: "இப்ப உனக்குத் தனி போன் எதுக்கு?" அவர் கோபிக்காமல் பதில் சொன்னார். "கோட் அவருக்குப் போகுது மாமி. அவரு வண்டி ஓட்டும்போது நான் எப்படிக் கேக்கிறது?" வண்டி ஓட்டும்போது போன் எடுப்பது ஆபத்து என்பது மாமியாருக்குச் சட்டென்று விளங்கியது.

எல்லா வீட்டிலும் இத்தனை இலகுவாக முடிவதில்லை. மனைவியின் கடவுச்சொல் தனக்குத் தெரிந்தே ஆகவேண்டும் என்று நிற்கும் ஆண்கள் இருக்கிறார்கள். அத்தகைய வீடுகளில் நான் சண்டைக்கு நிற்பதில்லை. கற்றல் தளத்தின் கடவுச்சொல் என்பது பரீட்சை அனுமதி அட்டையைப் போன்றது, இன்னொருவர் கையில் இருந்தால் விடை எழுதியது யார் என்ற கேள்வி வரும் என்று சொல்வேன். அது உண்மையும்தான். அன்பினால் நடக்கும் தவறும் உண்டு. "மகன் எல்லாம் செய்து தருவான்" என்று சொல்லும் தாய்மார் பலர். மகன் உள்ளே போகிறான், ஒப்படையைப் போடுகிறான், வினாவிடைக்குக்கூட உட்கார்ந்துவிடுகிறான். அவன் வெளிநாடு போகும் நாளில் அம்மாவின் படிப்பும் விமானம் ஏறிவிடுகிறது.

இனி கடவுச்சொல்லுக்கு வருவோம். மூடில் தளங்கள் பொதுவாகக் கேட்பது குறைந்தது எட்டு எழுத்துகள். அவற்றில் ஒரு பெரிய எழுத்து, ஒரு சிறிய எழுத்து, ஓர் இலக்கம், ஒரு குறியீடு இருக்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே கிடையாது. தமிழ் மொழிமூலம் படித்த பெண்ணுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று புரிவதில்லை. போதாக்குறைக்கு, போனின் விசைப்பலகை சில வேளைகளில் முதலெழுத்தைத் தானாகவே பெரிதாக்கும். எழுத்துகள் புள்ளிகளாக மறைவதால் அது கண்ணுக்கும் தெரியாது. பெட்டியின் ஓரத்தில் கண் போன்ற ஒரு சிறு படம் இருந்தால் அதைத் தொட்டுப் பாருங்கள், எழுதியது தெரியும். கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதி வைக்கலாமா என்று கேட்பார்கள். பிறர் எடுக்காத இடத்தில் என்றால் எழுதி வையுங்கள் என்பேன். மறந்துவிட்டு வாரக்கணக்கில் வெளியே நிற்பதைவிட அது மேல்.

அடுத்தது தமிழில் எழுதுவது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எங்கள் ஊர் கொமியூனிகேஷன் கடைகளில் தட்டச்சு செய்து தருபவர்கள் பலர் பாமினி எழுத்துருவில் கைபழகியவர்கள். அச்செடுத்துக் கொடுப்பதற்கு அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் பாமினி யுனிகோட் அல்ல. அதில் அடித்த விடையைக் கற்றல் தளத்தின் பெட்டியில் ஒட்டினால், தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து அடித்த பத்துப் பக்கம் அப்படிப் போனதைப் பார்த்து ஒரு பெண் அழுதே விட்டார். கடையில் கொடுக்கும்போதே "யுனிகோடில் அடியுங்கள்" என்று சொல்ல வேண்டும். பாமினியில் அடித்ததை யுனிகோடுக்கு மாற்றித்தரும் இணையப் பக்கங்களும் உண்டு. அதைவிட நல்லது, போனில் தமிழ் விசைப்பலகையைப் போட்டுக்கொண்டு நீங்களே பழகுவது. வட்ஸ்அப்பில் தங்கைக்குத் தமிழில் நாலு வரி எழுதும் பெண்ணால் ஒப்படையும் எழுத முடியும். கையால் எழுதி, போனால் ஸ்கேன் செய்து, பிடிஎஃப் கோப்பாகப் போட அனுமதிக்கும் பாடநெறிகளும் இருக்கின்றன, கேட்டுப் பாருங்கள்.

திரையின் மொழியையும் கவனியுங்கள். மூடிலுக்குத் தமிழ் மொழிப்பொதி உண்டு. உங்கள் நிறுவனம் அதைச் சேர்த்திருந்தால் மேலே உள்ள மொழிப் பட்டியலில் தமிழ் என்று இருக்கும். மாற்றினால் பொத்தான்கள் தமிழாகும், பாடம் எந்த மொழியில் இருந்ததோ அதே மொழியில்தான் இருக்கும்.

ஒப்படையை ஒப்படைப்பதில் ஒரு பொறி இருக்கிறது. கோப்பைப் பதிவேற்றி 'சேவ் சேஞ்சஸ்' என்பதை அழுத்துகிறோம். அத்தோடு முடிந்தது என்று போனை வைத்துவிட்டுச் சமைக்கப் போகிறோம். சில பாடநெறிகளில் அது வெறும் வரைவு மட்டுமே. 'சப்மிட் அசைன்மென்ட்' என்ற இன்னொரு பொத்தானையும் அழுத்தினால்தான் ஒப்படைத்ததாகக் கணக்கு. நிலை என்ற இடத்தில் 'டிராஃப்ட்' என்று இருந்தால் வேலை பாதியில் நிற்கிறது. 'சப்மிட்டட் போர் கிரேடிங்' என்று வந்தால் சரி. ஒரு நிறுவனத்தில் படித்த தாதி ஒருவர், இரவுக் கடமை முடிந்து வந்து, விடியற்காலையில் எழுதிய ஒப்படையை வரைவாகவே விட்டுவிட்டார். முழுமையான ஒப்படை, தவணை முடிய இரண்டு நாள் இருக்கையில் போட்டது. புள்ளி கிடைக்கவில்லை. வரைவாகக் கிடந்த கோப்பின் திகதியைக் காட்டி முறையிட்ட பிறகே மறுவாய்ப்புக் கொடுத்தார்கள். நிலை காட்டும் திரையை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைக்கும்படி அன்றிலிருந்து எல்லோருக்கும் சொல்கிறேன்.

வினாவிடை வேறு மாதிரி. நேரம் குறித்த வினாவிடையைத் திறந்துவிட்டால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்தை மூடினாலும் நிற்காது. குழந்தை அழுதாலும் நிற்காது. ஆகவே 'பார்ப்போமே' என்று தொட்டுப் பார்க்கக் கூடாத ஒரே இடம் அதுதான். மற்ற எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே தொட்டுப் பாருங்கள், ஒன்றும் உடையாது.

டேட்டாவைப் பற்றி. 2020இல் பல்கலைக்கழகக் கற்றல் தளங்களை மாணவர்கள் கட்டணமின்றிப் பார்ப்பதற்கு, கல்வி ஆய்வு வலையமைப்பான 'லேர்ன்' ஊடாக ஏற்பாடு செய்திருந்தார்கள். அது அந்த நெருக்கடிக்கான ஏற்பாடு. அதை நம்பி இன்று கணக்குப் போட வேண்டாம், உங்கள் நிறுவனத்தில் விசாரியுங்கள். மூடிலின் கைத்தொலைபேசிச் செயலியை உங்கள் தளம் அனுமதித்தால், பாடக் கோப்புகளை வைஃபை உள்ள இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டு பிறகு இணையம் இல்லாமலே வாசிக்கலாம். 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் போனபோது, படிப்பைத் தொடர்ந்தவர்களில் இப்படி முன்கூட்டியே இறக்கி வைத்தவர்கள் இருந்தார்கள். அடுக்குமாடியில் வேலை செய்யும் பெண்ணொருவர் வீட்டுக்காரம்மாவிடம் கேட்டு அவர்களுடைய வைஃபையில் வாராவாரம் பாடங்களை இறக்கிக்கொள்கிறார். கேட்பதற்கு முன் ஒரு மாதம் தயங்கினாராம். அந்த அம்மா, "இதையா இவ்வளவு நாளாக் கேக்காம இருந்தே?" என்றாராம்.

நேரம்தான் மிச்சம். அந்த முன்பள்ளி ஆசிரியை காலை நாலரைக்கு எழுந்து ஒரு மணித்தியாலம் படிக்கிறார். பிள்ளைகள் தூங்கும் அறையில் விளக்குப் போட முடியாது, போனின் வெளிச்சம் போதும். சந்தேகங்களைக் கொப்பியில் குறித்து வைத்து, விரிவுரையாளருக்குத் தமிழில் செய்தி அனுப்புகிறார். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, புதிதாகப் பதிந்த இரண்டு பெண்களைத் தானே அழைத்து வந்திருந்தார். நான் தேநீர் கொண்டுவரப் போய்த் திரும்புவதற்குள் விசாரணை நடந்துகொண்டிருந்தது: "முதல்ல சொல்லு தங்கச்சி, அந்த ஈமெயில் யாரு போன்ல இருக்கு?"